எண்ணெயை நிறுங்கள், கீரையை விட்டுவிடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

சாப்பிடுவதன் கலோரியைக் குறித்துவைக்கும் உணவுக் கணக்கு எழுதத் தொடங்கிய வாசகர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாக்கெட்டில் வருவதற்கு உறையிலேயே எண் போட்டிருக்கிறது. வீட்டு அடுப்பில் கிளறி இறக்கியதற்கு எண் எங்கே? வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இந்த இதழில்.

*கேள்வி: பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் ஒரே சட்டியில் ஒன்றாகக் கொதித்த பிறகு, என் கிண்ணத்துக்கு வந்தது எத்தனை கலோரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*

பதில்: வெந்த பிறகு பிரித்தறிய வழியில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. சட்டிக்குள் போன கலோரி, நீங்களாக வடித்துக் கொட்டாதவரை, சட்டிக்குள்ளேயேதான் கிடக்கும். தண்ணீர் ஊற்றினால் அது ஏறாது. சுண்ட வைத்தால் குறையாது. ஆகவே உள்ளே போவதையெல்லாம் பச்சையாக எடை போட்டுக் கூட்டுங்கள். இறக்கியதும் வெந்ததன் மொத்த எடையால் வகுத்துவிடுங்கள்.

முதல் வேலை, காலிச் சட்டியை எடை போடுவது. கரண்டியை உள்ளேயே விட்டு இறக்குகிற பழக்கம் இருந்தால் கரண்டியோடு போடுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், அந்தச் சட்டிக்கு இந்த வேலை அத்தோடு முடிந்தது.

ஒரு குழம்பைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். அடைப்பில் உள்ளவை பச்சையாக 100 கிராமுக்கான கலோரி. பருப்பு 200 கிராம் (350) என்றால் 700. எண்ணெய் 30 கிராம் (884), 265. வெங்காயம் 150 கிராம் (40), 60. தக்காளி 200 கிராம் (18), 36. கேரட் 150 கிராம் (41), 62. உருளைக்கிழங்கு தோல் நீக்கி 200 கிராம் (77), 154. மொத்தம் 1,277. தண்ணீரும் உப்பும் கணக்கில் இல்லை. இறக்கியதும் சட்டியோடு 2,890 கிராம். காலிச் சட்டி 1,140. குழம்பு மட்டும் 1,750 கிராம். 1,277-ஐ 1,750-ஆல் வகுத்தால் கிராமுக்கு 0.73. கிண்ணத்தில் 320 கிராம் ஊற்றிக்கொண்டால் 234 கலோரி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 30 கிராம் எண்ணெயின் கலோரி, 500 கிராம் வெங்காயம், தக்காளி, கேரட் மூன்றும் சேர்ந்த 158-ஐத் தாண்டிவிட்டது. கேரட்டில் 20 கிராம் கூடினாலும் குறைந்தாலும் முழுச் சட்டிக்கும் 8 கலோரிதான் மாறும். எண்ணெயில் அதே 20 கிராம் தவறினால் 177. எதைக் கிராம் சுத்தமாக எடை போட வேண்டும், எதைக் கண்ணளவில் விடலாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆப்பில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சுருக்குவழி: சமையல் குறிப்பைச் சேமிக்கும்போது ‘எத்தனை பேருக்கு’ என்ற இடத்தில் 1750 என்று போடுங்கள். அப்போது ஒரு பங்கு என்பது ஒரு கிராம். சாப்பிட்டது 320 கிராம் என்றால் 320 பங்கு. வகுத்தல் வேலையை ஆப் பார்த்துக்கொள்ளும்.

*கேள்வி: அரிசியைப் பச்சையாக எடை போடுவதா, சோறாகவா? இரண்டுக்கும் எண்கள் வெவ்வேறாக இருக்கின்றனவே.*

பதில்: எதை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எடை எந்த நிலையில் போட்டதோ, எண்ணும் அதே நிலைக்கு உரியதாக இருக்க வேண்டும். உணவுக் கணக்கில் நேரும் பெரிய தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

பச்சரிசியோ புழுங்கலோ, வேகாத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி. வெந்தால் தண்ணீரைக் குடித்து இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை ஏறும். அதனால் சோறு 100 கிராமில் சுமார் 130 தான். 200 கிராம் சோற்றை எடை போட்டுவிட்டு வேகாத அரிசியின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் 260-க்குப் பதில் 720 விழும். இப்படிப்பட்ட பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். இறைச்சியில் நேர்வது எதிர்த்திசைப் பிழை. அது கண்ணுக்குத் தெரியாது. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் 120 கலோரி. 500 கிராமில் 600. வெந்ததும் நீரை விட்டுச் சுருங்கி 370 கிராம் ஆகிறது என்று வையுங்கள். அதில் பாதியான 185 கிராமைச் சாப்பிட்டால் உண்மையில் 300 கலோரி. பச்சைக் கறியின் எண்ணை வைத்து எழுதினால் 222. நாளுக்கு இரண்டு வேளை இதையே செய்தால் 150-க்கு மேல் காணாமல் போய்விடுகிறது, யாருக்கும் சந்தேகம் வராமல்.

சோற்றுக்கு ஆப்பில் உள்ள எண்ணைவிட உங்கள் வீட்டுச் சோற்றின் எண்ணே மேல். குழைய வடிப்பவர்கள் இருக்கிறார்கள், உதிரியாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இருவர் சோற்றிலும் தண்ணீர் ஒன்றல்ல. ஒரே ஒரு நாள் 300 கிராம் அரிசி போட்டு (1,080 கலோரி), வெந்ததை எடை போடுங்கள். 840 கிராம் வந்தால் உங்கள் சோறு 100 கிராமுக்கு 129. அரிசியும் தண்ணீர் அளவும் மாறாதவரை அந்த எண் மாறாது. கஞ்சியை வடித்துக் கொட்டுகிறவர்களுக்கு மட்டும் இது சற்றுக் கூடுதலாகக் காட்டும், கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடுவதால்.

*கேள்வி: எண்ணெயை ஸ்பூனால் அளக்கிறேன். போதாதா?*

பதில்: தலைதட்டி அளக்கிற அளவு ஸ்பூன் என்றால் போதும். 15 மில்லி கொள்ளும் டேபிள்ஸ்பூனில் எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரி. 5 மில்லி டீஸ்பூனில் 40. ஆனால் பலர் ‘ஒரு ஸ்பூன்’ என்று எழுதுவது கையில் கிடைத்த கரண்டியை, அல்லது பாட்டிலைச் சாய்த்து மனத்துக்குள் எண்ணுகிற ஒரு கணத்தை. பாட்டிலில் இருந்து நேராக ஊற்றினால் கண் ஏமாறும். அகலமான வாணலியில் 30 கிராம் எண்ணெய் அடியில் மெல்லப் பரவி ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்.

தராசில் ஒரு சங்கடம் உண்டு. வாணலியை ஏற்றி, ‘டேர்’ பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டால் சில தராசுகள் அசையாது. பூஜ்யத்தின் அருகில் நேரும் மிகச் சிறிய மாற்றத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும்படி அவற்றை அமைத்திருப்பதால், சொட்டுச் சொட்டாக விழுவதை அவை விழுங்கிவிடும். இதற்கு வழி எளிது: வாணலியைத் தராசில் வைக்கவே வேண்டாம். எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். எடுத்து ஊற்றுங்கள். திரும்ப வைத்தால் −18 என்று காட்டும். ஊற்றியது 18 கிராம். வெண்ணெய், நெய், தேன், கடலை வெண்ணெய், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கடலை வெண்ணெயில் இது கட்டாயம் என்றே சொல்லலாம். தலைதட்டிய டேபிள்ஸ்பூன் 16 கிராம், 95 கலோரி. குவித்து எடுத்தால் எளிதாக இரட்டிப்பாகும்.

‘நல்ல எண்ணெய்’ என்றால் கலோரி குறைவா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9 தான். வெண்ணெய் 100 கிராமில் 717 என்று குறைந்து நிற்பதற்குக் காரணம், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருப்பதே.

*கேள்வி: பொரித்ததற்கு என்ன செய்வது? வாணலியில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் எழுதவா?*

பதில்: வேண்டாம், உணவு குடித்ததை மட்டும் எழுதுங்கள். எண்ணெய் ஊற்றிய வாணலியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் எடை போடுங்கள். பொரித்து முடித்து, நன்றாக ஆறிய பிறகு, தங்கிய தூள்களை அரித்தெடுத்துவிட்டு, அதே வாணலியை மறுபடி போடுங்கள். வித்தியாசமே உணவு குடித்த எண்ணெய். எண்ணெயை மட்டும் வேறு பாத்திரத்தில் கொட்டி எடை போட்டால் வாணலியின் உட்புறம் ஒட்டியிருப்பது விடுபட்டு, அதுவும் உணவோடு போனதாகக் கணக்காகிவிடும். எண்ணெய் வடிய வைத்த தாளையும் முன்னும் பின்னும் எடை போட்டுக் கழித்துவிடுங்கள்.

உதாரணமாக, விரல் கனத்துக்கு நறுக்கிய உருளைக்கிழங்கு 400 கிராம், 308 கலோரி. வாணலியில் குறைந்தது 45 கிராம், தாளில் ஏறியது 6. ஆக, 39 கிராம் எண்ணெய், 345 கலோரி. மொத்தம் 653. கிழங்கைவிட எண்ணெயின் பங்கு கூடுதல். மெல்லிய வில்லையாகச் சீவினால் இதே கிழங்கு இன்னும் அதிகம் குடிக்கும், மேற்பரப்பு பெருகிவிடுவதால்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பது தெரிந்தால் குறைக்கவும் வழி தெரியும். கொதிக்கும் எண்ணெயில் இருக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் புக முடியாது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்கும். அப்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே எடுத்த கையோடு, சூடு ஆறும் முன்பே உதறி வடிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் தாளில் ஒற்றுவதால் பெரிய பயன் இல்லை. எண்ணெய் காயாமல் போடுவதும், ஒரே ஈடில் அள்ளிக் கொட்டிச் சூட்டை இறக்குவதும் கெடுதல். ஆவி வேகம் குறையும், வேக நேரம் நீளும், எண்ணெய் ஏறும்.

*கேள்வி: தராசு வாங்கலாம் என்றிருக்கிறேன். எப்படிப்பட்டது?*

பதில்: 1 கிராம் நுணுக்கத்தில் 5 கிலோவரை தாங்குவது போதும். கனமான சட்டியில் நான்கைந்து பேருக்குச் சமைப்பவர்கள் 10 கிலோ தாங்குவதாகப் பாருங்கள்; சட்டியே இரண்டு கிலோ என்றால் குழம்போடு 5 கிலோவைத் தாண்டித் தராசு பிழை காட்டும். சட்டியின் அடிப்பாகம் எண் திரையை மறைக்காத வடிவமும் முக்கியம். சுடச்சுட இறக்கியதை நேராகத் தராசின் மேல் வைக்கக் கூடாது. உள்ளிருக்கும் உணரி சூடேறினால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மரப்பலகையை வைத்து, பூஜ்யமாக்கி, அதன்மேல் சட்டியை வையுங்கள். ஒரே பொருளை மூன்று முறை எடுத்து வைத்து, மூன்று முறையும் ஒரே எண் வந்தால் தராசு நம்பகமானது.

*கேள்வி: ஆப்பில் ஒரே உணவுக்குப் பத்துப் பதிவுகள், பத்து எண்கள். எதை எடுப்பது?*

பதில்: பல ஆப்களில் பயனர்களே பதிவேற்றலாம் என்பதால் வரும் குழப்பம் இது. ஒரு பதிவை நம்பலாமா என்று அரை நிமிடத்தில் சோதிக்கலாம். புரதக் கிராமை 4-ஆல், மாவுச்சத்துக் கிராமை 4-ஆல், கொழுப்புக் கிராமை 9-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வருகிற தொகை அந்தப் பதிவின் கலோரிக்கு அருகில் இருக்க வேண்டும். நார்ச்சத்து மிகுந்த உணவில் கொஞ்சம் விலகும், ஏனென்றால் நார்ச்சத்து தருவது கிராமுக்கு 2 அளவில்தான். மற்றபடி 20 கிராம் கொழுப்பு என்று எழுதிவிட்டு 110 கலோரி என்று போட்டிருந்தால், அதைத் தொடவே வேண்டாம். கொழுப்பு மட்டுமே 180 ஆகிறதே!

‘வீட்டுக் குழம்பு, 1 கிண்ணம்’ என்ற வகைப் பதிவுகளை எப்போதுமே தவிர்த்துவிடுங்கள். அது யாருடைய குழம்பு, எந்தக் கிண்ணம் என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். பச்சைப் பொருள்களை மட்டும் ஆப்பிலிருந்து எடுங்கள், கலவையை நீங்களே சேருங்கள். உறையில் கிலோஜூல் என்று இருந்தால் 4.184-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: வீட்டில் சமைப்பது மாமியார். அவரிடம் போய் எண்ணெயை எடை போடுங்கள் என்று சொல்ல முடியாது. எனக்கு வழி உண்டா?*

பதில்: உண்டு. சமையலை விட்டுவிட்டு எண்ணெய்ப் பாட்டிலைப் பிடியுங்கள். திங்கட்கிழமை காலை யாரும் அடுப்பு மூட்டும் முன் பாட்டிலை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திங்கள் அதே நேரம் மறுபடி. 1,460 கிராம் இருந்தது 830 ஆகியிருந்தால், வாரத்தில் போனது 630, நாளுக்கு 90. வீட்டில் மூன்று பேர் ஒரே அளவு சாப்பிடுகிறீர்கள் என்றால் ஆளுக்கு 30 கிராம், 265 கலோரி. இதைத் தினமும் ‘எண்ணெய்’ என்று ஒரே வரியாக எழுதிவிடுங்கள். அதன்பிறகு தட்டில் விழும் சோறு, பருப்பு, காய், கறி ஒவ்வொன்றையும் எண்ணெய் இல்லாமல் வெந்ததாகப் பாவித்து எழுதினால் போதும். இடையில் புதுப் பாட்டில் உடைத்தால் அதன் எடையைக் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். பொரித்த எண்ணெயைக் கீழே கொட்டினால் அதைக் கழியுங்கள். சர்க்கரை டப்பாவுக்கும் இதையே செய்யலாம்.

ஒரு வேளையின் கணக்கு இதில் சரியாக வராது. வாரக் கணக்கு வரும், எடைக்கு வேண்டியதும் அதுதான்.

*கேள்வி: குழம்பில் எனக்குச் சாறு அதிகம், மற்றவர்களுக்குத் துண்டுகள் அதிகம். கிராமுக்கு ஒரே எண் என்பது எப்படிச் சரியாகும்?*

பதில்: ஆகாது. கிராம் கணக்கு, கலந்து ஒரே சீராக இருப்பவற்றுக்குத்தான். கறித்துண்டுகள் கிடக்கும் குழம்பு என்றால், துண்டுகளைத் தனியே எடை போட்டு வெந்த கறியின் எண்ணால் எழுதுங்கள். மொத்தத்திலிருந்து கறியின் பங்கைக் கழித்தால் சாற்றின் எண் கிடைக்கும். எலும்புள்ள கறியென்றால் சாப்பிட்டு முடித்து எலும்பை எடை போட்டுக் கழிப்பதே நேர்வழி. மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றிக்கொள்பவர், ஒதுக்கியதற்குச் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சாறு என்று பிரிக்க முடியாது.

*கேள்வி: மாவு பிசைந்து சுடும் ரொட்டிக்கு?*

பதில்: சுட்ட பிறகு எடை போடாதீர்கள், கல்லில் இருந்த நேரத்தைப் பொறுத்து ஈரம் மாறிக்கொண்டே இருக்கும். உருண்டையை எடை போடுங்கள். 300 கிராம் முழுக்கோதுமை மாவு, 180 தண்ணீர் என்றால் 480 கிராம் மாவுப் பிசையல். 40 கிராமாக 12 உருண்டை. ஒன்றில் மாவு 25 கிராம், 85 கலோரி. தேய்க்கத் தூவும் மாவுக்கு ஒன்றுக்கு 5 கலோரி சேர்த்துக்கொள்ளலாம். மேலே தடவும் எண்ணெய் தனி. அரை டீஸ்பூன் என்றாலும் 20 ஏறுகிறது.

*கேள்வி: எல்லாவற்றையும் எடை போட்டு 1,500-க்குள் எழுதுகிறேன். ஒரு மாதமாக எடை அசையவில்லை. கணக்கு பொய்யா?*

பதில்: கணக்கில் இருப்பது பொய்யாக இருக்காது, இல்லாததைத் தேடுங்கள். உப்புப் பார்த்த கரண்டி, குழந்தை மிச்சம் வைத்த இரண்டு வாய், நின்றபடி அள்ளிய ஒரு பிடி கடலை (30 கிராம், 170 கலோரி), தேநீர். 100 மில்லி பால், 2 டீஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு கோப்பை 95 அளவில் வரும். நாலு கோப்பை என்றால் 380. விடுமுறை நாள்களில் எழுதாமல் விடுவதும் உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1992-இல் வந்த ஆய்வில், 1,200-க்கும் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் உண்டது சொன்னதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. உடலின் எரிப்பு வேகத்தில் கோளாறு இல்லை.

ஒரு வாரம் மட்டும், வாய்க்குள் போவதற்கு முன்பே எழுதிப் பாருங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அப்படியும் எண் 1,500-லேயே நின்றால், அது உண்மையில் 1,500 தானா என்று வழக்காட வேண்டாம். உணவு அட்டவணை எண்களே சராசரிகள்தான். பத்து சதவீதம் இப்படி அப்படி இருக்கும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள், ஏனென்றால் உப்பாலும் நீராலும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். நான்கு வாரச் சராசரிகள் ஒரே இடத்தில் நின்றால், *உங்கள் தராசில், உங்கள் பழக்கத்தில் எழுதப்படும்* 1,500 தான் உங்கள் எடையை நிலைநிறுத்தும் அளவு. அதிலிருந்து 200 குறைத்து மூன்று வாரம் பாருங்கள். பிழை தினமும் ஒரே மாதிரி இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. ஒருநாள் எடை, ஒருநாள் கண்ணளவு என்று மாறினால்தான் கெடுதல். ஆனால் எழுதும் எண்ணை 1,200-க்குக் கீழே இறக்க வேண்டிய நிலை வந்தால், அதை மருத்துவரோ உணவியல் நிபுணரோ பார்த்துச் சொல்லட்டும்.

*கேள்வி: 14 வயது மகள் நான் எழுதுவதைப் பார்த்துத் தானும் கலோரி எழுதத் தொடங்கியிருக்கிறாள். சொல்லிக்கொடுக்கலாமா?*

பதில்: வேண்டாம். வளரும் வயதில் எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைப்பது உணவுக் கோளாறுகளுக்கு வாசல் திறந்துவிடும். எடை பற்றிக் கவலை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். தராசையும் ஆப்பையும் அவள் கண் படாமல் வைத்துக்கொள்வதும் நல்லது. சாப்பிடுவதைத் தவிர்க்கிறாள், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாள், மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் உடனே அழைத்துப் போங்கள்.

*கேள்வி: மிளகாய்த்தூள், மிளகு, சீரகம் இவற்றையும் எழுத வேண்டுமா?*

பதில்: ஒரு சட்டிக்கு இரண்டு டீஸ்பூன் போட்டு நான்கு பேர் சாப்பிட்டால், ஆளுக்குப் பத்துக்கும் கீழே. எழுத வேண்டாம்.